இங்கிலாந்தில் கடையின் பயன்பாட்டை மாற்ற பிளானிங் அனுமதி பெறுவது எப்படி? லீஸுக்கு முன்பிருந்து கடை திறக்கும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் புதிதாகத் தொழில் தொடங்கும் நம்மவர்களில் பலர் ஒரே வரிசையில் காரியம் செய்கிறார்கள். நல்ல தெருவில் காலிக் கடை ஒன்றைப் பார்ப்பார்கள். வாடகை பேசுவார்கள், முன்பணம் கட்டுவார்கள், பத்து அல்லது பதினைந்து ஆண்டு லீஸில் கையெழுத்திடுவார்கள். சமையலறை போடும் ஆளையும் அழைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான், இந்த இடத்தில் இந்தத் தொழிலை நடத்தலாமா என்று உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலிடம் கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். பதில் "முடியாது" என்று வந்தாலும் லீஸ் உங்களை விடாது. குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் இப்படிக் கரைந்துபோவதைத் தடுக்கவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இதில் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு.

முதல் படி: கட்டடத்தின் இப்போதைய சட்டப் பயன்பாடு என்ன?

1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின்படி, கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காவிட்டாலும் அதன் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றினால் அதுவும் "அபிவிருத்தி"தான். அதற்குக் கவுன்சிலின் அனுமதி வேண்டும்; அதுதான் பிளானிங் அனுமதி. எந்த மாற்றத்துக்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைப் பிரித்துக் காட்டுவது 1987ஆம் ஆண்டின் பயன்பாட்டு வகுப்புகள் ஆணை. 2020 செப்டம்பர் 1 முதல் அது பெரிதும் மாற்றப்பட்டது. ஏ1, ஏ3, பி1 என்ற பழைய வகுப்புப் பெயர்களை முகவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். அவை இப்போது நடப்பில் இல்லை.

சில்லறைக் கடை, உணவகம், வங்கி, அலுவலகம், மருத்துவரின் கிளினிக், உடற்பயிற்சிக் கூடம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் இன்று 'கிளாஸ் ஈ' என்ற ஒரே வகுப்புக்குள் இருக்கின்றன. ஒரே வகுப்புக்குள் மாறுவது சட்டத்தின் பார்வையில் அபிவிருத்தி ஆகாது. எனவே துணிக்கடையை உட்கார்ந்து சாப்பிடும் உணவகமாக மாற்ற, பயன்பாட்டு மாற்றத்துக்கென்று தனி அனுமதி பொதுவாகத் தேவையில்லை.

இந்தச் செய்தியைக் கேட்டதும் பலர் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கடைக்குப் பழைய அனுமதி ஏதாவது இருந்தால், அதன் நிபந்தனைகளில் "இந்த இடத்தைச் சில்லறை விற்பனைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், அதே வகுப்பின் வேறு பயன்பாட்டுக்கும் கூடாது" என்று ஒரு வரி இருக்கலாம். அந்த ஒரு வரி, கிளாஸ் ஈ தரும் சுதந்திரம் முழுவதையும் பறித்துவிடும். ஆகவே கவுன்சிலின் இணையதளத்தில் உள்ள பிளானிங் பதிவேட்டில் அந்த முகவரியைத் தட்டித் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு தீர்மானக் கடிதத்தையும் திறந்து நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படியுங்கள். இந்தப் பதிவேடு யாருக்கும் திறந்தது. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பழைய கோப்புகள் இணையத்தில் ஏறாமல் இருந்தால் கவுன்சிலிடம் கேட்டு வாங்கலாம்.

இரண்டாம் படி: உங்கள் தொழில் எந்த வகுப்பு?

பலகையில் எழுதப்போகும் பெயரைச் சட்டம் பார்ப்பதில்லை. உள்ளே உண்மையில் என்ன நடக்கும் என்பதைப் பார்க்கும். நம்மவர்கள் அதிகம் தொடங்கும் தொழில்களையே எடுத்துக்கொள்வோம்.

உணவகம் என்றால், வாங்கும் உணவில் பெரும்பகுதி அங்கேயே உட்கார்ந்து சாப்பிடப்பட வேண்டும். அப்போதுதான் அது கிளாஸ் ஈ. கொத்துரொட்டியும் பிரியாணியும் பெட்டியில் கட்டிக் கொடுப்பதே முக்கிய வியாபாரம் என்றால் அது சூடான உணவு எடுத்துச் செல்லும் கடை. எந்த வகுப்பிலும் சேராதவற்றைச் சட்டம் 'சுயி ஜெனரிஸ்' என்று தனியே வைத்திருக்கிறது. டேக்அவே அதில் ஒன்று. அதற்கு முழு அனுமதி வேண்டும். ஓரத்தில் நான்கு மேசை போட்டுவிட்டு "இது உணவகம்தான்" என்று சொல்லித் தப்ப நினைக்க வேண்டாம். விற்பனைக் கணக்கையும், விநியோகச் செயலிகள் வழியே போகும் ஆர்டர்களையும், வாசலில் காத்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களையும் கவுன்சில் பார்க்கும்.

டாக்ஸி அலுவலகம், கார் விற்பனை இடம், மதுக்கூடம், பந்தயக் கடை ஆகியவையும் சுயி ஜெனரிஸ்தான். கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாடகைக்கு விடும் விருந்து மண்டபத்தையும் பெரும்பாலும் அப்படியே கருதுகிறார்கள். கார் பழுதுபார்க்கும் இடம் வழக்கமாக பி2 என்ற பொதுத் தொழில் வகுப்பு. சாமான் சேமிக்கும் கிடங்கு பி8 (இந்த இரண்டும் இன்றும் நடப்பில் உள்ள வகுப்புகள்). வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் டியூஷன் நிலையமும் கல்வி, வழிபாடு போன்றவற்றுக்கான எஃப்1 வகுப்பு. பரதநாட்டிய வகுப்பு கல்வியா உள்ளரங்குப் பொழுதுபோக்கா என்பதில் கருத்து வேறுபடலாம். இப்படி எல்லையில் நிற்கும் தொழில் என்றால், எழுத்து மூலம் உறுதி பெறாமல் நகரக் கூடாது.

கோயில் எஃப்1 வகுப்பு. தேவாலயமும் அதே வகுப்பு. வெஸ்ட் ஈலிங்கில் ஒரு பழைய கிறிஸ்தவ வழிபாட்டுக் கட்டடத்தில் ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் ஆலயம் இருப்பதைப் பலர் அறிவார்கள். இன்றைய வகுப்புகளின்படி பார்த்தால், ஒரு வழிபாட்டு இடம் இன்னொரு வழிபாட்டு இடமாவதில் வகுப்பு மாற்றமே இல்லை. தொழிற்பேட்டையில் உள்ள கிடங்கைக் கோயிலாக்குவது அப்படியல்ல. வேலைவாய்ப்புக்கான நிலத்தை இழக்க லண்டன் கவுன்சில்கள் எளிதில் சம்மதிப்பதில்லை. தேர்த் திருவிழா அன்று கார்கள் எங்கே நிற்கும், அதிகாலைப் பூசையின் தவில் ஓசை எத்தனை வீடுகளுக்குக் கேட்கும் என்ற கேள்விகளும் நிச்சயம் வரும். அறங்காவலர்கள் கிடங்கின் விலை மலிவு என்பதை மட்டும் பார்த்து நன்கொடைப் பணத்தை அதில் போட்டுவிடக் கூடாது என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அனுமதி தேவையில்லை என்று தெரிந்தால்

அதையும் எழுத்தில் வாங்குங்கள். சட்டபூர்வப் பயன்பாட்டுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. தொடங்கப்போகும் பயன்பாட்டுக்கு அதைக் கேட்டால் வழக்கமான விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான். நாளை கடையை விற்கும்போதோ வங்கிக் கடன் கேட்கும்போதோ சொலிசிட்டர் முதலில் கேட்கும் காகிதம் இதுவாக இருக்கலாம்.

கிளாஸ் ஈ கட்டடத்தை வீடுகளாக மாற்றுவதற்கு 'கிளாஸ் எம்ஏ' என்ற தனிப் பாதை இருக்கிறது. முழு அனுமதிக்குப் பதில் முன் ஒப்புதல் போதும், கவுன்சிலுக்கு 56 நாள் அவகாசம். கட்டடம் இரண்டு ஆண்டாவது கிளாஸ் ஈ பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். இந்த உரிமையை நீக்கும் 'ஆர்டிகிள் 4' உத்தரவைக் கவுன்சில் போட்டிருக்கும் தெருக்களில் இந்தப் பாதை மூடப்பட்டிருக்கும். எனவே அதை முதலில் சரிபாருங்கள்.

மூன்றாம் படி: லீஸை எப்படிக் கட்டுவது

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பிளானிங் அனுமதிக்கு விண்ணப்பிக்க நீங்கள் அந்த இடத்தின் உரிமையாளராகவோ வாடகைதாரராகவோ இருக்க வேண்டியதில்லை. யாருடைய கட்டடத்துக்கும் யாரும் விண்ணப்பிக்கலாம். உரிமையாளருக்கு முறைப்படி அறிவித்தல் கொடுத்தால் போதும். ஆக, லீஸில் கையெழுத்திடாமலே அனுமதிக்குப் போக முடியும்.

ஆனால் அனுமதி ஆளுக்கு அல்ல, நிலத்துக்கு உரியது. நீங்கள் செலவழித்து அனுமதி வாங்கிய பிறகு, கட்டட உரிமையாளர் அதிக வாடகை தரும் இன்னொருவருக்கு அதே அனுமதியோடு கடையைக் கொடுத்துவிடலாம். இரண்டு பக்கமும் காப்பது ஒரே வழி: அனுமதி கிடைத்தால்தான் லீஸ் தொடங்கும் என்ற நிபந்தனையோடு ஓர் ஒப்பந்தத்தைச் சொலிசிட்டர் மூலம் எழுதிக்கொள்வது. எத்தனை மாதத்துக்குள் தீர்மானம் வர வேண்டும், மறுத்தால் மேல்முறையீடு முடியும் வரை காத்திருப்பதா, முன்பணம் திரும்புமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். லீஸில் இடம் எதற்குப் பயன்படலாம் என்று சொல்லும் பிரிவு தனியாக இருக்கும். கவுன்சில் அனுமதித்தாலும் அந்தப் பிரிவு தடுத்தால் தொழில் நடத்த முடியாது.

நான்காம் படி: கவுன்சிலின் கொள்கையைப் படிப்பது

அதிகாரியின் மனம் எப்படி என்று விசாரித்து அலைவதைவிட இது பலமடங்கு பயன்தரும். உள்ளூர் அபிவிருத்தித் திட்டத்துக்கு இணங்கவே தீர்மானிக்க வேண்டும், விலக வேண்டுமானால் தகுந்த காரணம் வேண்டும் என்பது சட்டம். லண்டனில் அந்தத் திட்டம் என்பது கவுன்சிலின் உள்ளூர்த் திட்டமும், மேயரின் 2021 லண்டன் திட்டமும் சேர்ந்தது. முக்கியக் கடைத்தெருவில் சில்லறைக் கடைகள் எவ்வளவு இருக்க வேண்டும், அடுத்தடுத்து எத்தனை டேக்அவே வரலாம், தொழில் நிலத்தை எப்போது விட்டுக்கொடுக்கலாம் என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

டேக்அவே தொடங்க நினைப்பவர் பள்ளிக்கூட வாசலிலிருந்து நடந்து தூரத்தை அளக்க வேண்டும். லண்டன் திட்டத்தின் இ9 கொள்கை, தொடக்க, இடைநிலைப் பள்ளிகளின் வாசல்களிலிருந்து 400 மீட்டர் நடை தூரத்துக்குள் புதிய டேக்அவேயை அனுமதிக்கக் கூடாது என்கிறது. நேர்க்கோட்டுத் தூரம் அல்ல, நடக்கும் தூரம். பள்ளியின் பின்வாசலையும் கணக்கில் எடுங்கள்.

கவுன்சிலிடம் கட்டணம் செலுத்தி முன் ஆலோசனை பெறலாம். அது கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது. எளிய விஷயத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. கொள்கைக்கு எதிராகப் போகும் விண்ணப்பத்துக்கும் கோயில், மண்டபம் போன்றவற்றுக்கும் கட்டாயம் எடுங்கள்.

ஐந்தாம் படி: விண்ணப்பக் கட்டு

பிளானிங் போர்ட்டல் என்ற தேசிய இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். பயன்பாட்டு மாற்றத்துக்கான கட்டணம் 2025 ஏப்ரல் 1 முதல் 588 பவுண்டானது. ஒவ்வோர் ஏப்ரலிலும் பணவீக்கத்துக்கேற்ப மாறும் என்பதால் அன்றைய தொகையைப் பாருங்கள். போர்ட்டலின் சேவைக் கட்டணம் தனி.

இட வரைபடம் வழக்கமாக 1:1250 அளவில், வடக்குத் திசையும் தெருப் பெயர்களும் தெரியும்படி இருக்க வேண்டும். உங்கள் இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. அருகில் விண்ணப்பதாரருக்குச் சொந்தமான வேறு நிலம் இருந்தால் நீலக் கோடு. கூகுள் வரைபடத்தைப் படமெடுத்து ஒட்டினால் விண்ணப்பம் திரும்பி வரும். அதிகாரபூர்வ விற்பனையாளர்களிடம் உரிமம் உள்ள வரைபடத்தைச் சில பவுண்டுகளுக்கு வாங்கலாம். அடுத்து, இப்போதுள்ள தரைப்படமும் மாற்றிய பிறகுள்ள தரைப்படமும் 1:50 அல்லது 1:100 அளவில். குப்பைத் தொட்டி எங்கே, சாமான் வண்டி எங்கே நிற்கும், வாடிக்கையாளர் எங்கே காத்திருப்பார் என்பதைப் படத்திலேயே காட்டுங்கள். காட்டாத ஒவ்வொன்றும் பிறகு ஒரு கேள்வியாகத் திரும்பி வந்து நாட்களைத் தின்னும்.

உரிமைச் சான்றிதழில் தவறு செய்யாதீர்கள். சிவப்புக் கோட்டுக்குள் உள்ள நிலம் முழுவதும் உங்களுடையது என்றால் 'ஏ'. மற்றவருக்கும் உரிமை இருந்து, அவர் யார் என்று தெரிந்து அறிவித்தல் கொடுத்திருந்தால் 'பி'. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ லீஸ் மிச்சமுள்ளவரும் இதில் உரிமையாளராகவே கருதப்படுவார். பொதுப் படிக்கட்டைச் சிவப்புக் கோட்டுக்குள் சேர்த்தால் மாடி வீட்டுக்காரருக்கும் அறிவித்தல் போக வேண்டியிருக்கலாம். தெரிந்தே பொய்ச் சான்றிதழ் கொடுப்பது குற்றம்.

இவற்றோடு ஒரு விளக்க அறிக்கை சேருங்கள். வேலை நேரம், பணியாளர் எண்ணிக்கை, எந்தக் கொள்கைக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதை நான்கைந்து பக்கத்தில் சொன்னால் போதும். ஒவ்வொரு கவுன்சிலுக்கும் கூடுதல் ஆவணப் பட்டியல் உண்டு. அதைப் பார்க்காமல் சமர்ப்பிக்காதீர்கள்.

வாசனையும் சத்தமும்

சமையல் தொழில் என்றால் விண்ணப்பம் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் புகைக்குழாயில்தான். மிளகாய் வறுக்கும்போதும் கறிவேப்பிலை தாளிக்கும்போதும் எழும் நெடி நமக்குப் பசியைத் தூண்டும். மாடியில் கைக்குழந்தையோடு இருப்பவருக்கு அது தினசரித் தொல்லை. அவருடைய கவலை நியாயமானது. அதை மதித்துத் தீர்வு காட்டும் விண்ணப்பமே நிற்கும்.

கடையைப் பார்க்கப் போகும்போது முகப்பைவிடப் பின்புறத்தை அதிக நேரம் பாருங்கள். புகைக்குழாய் எந்தச் சுவர் வழியே ஏறும்? அந்தச் சுவர் யாருடையது? ஜன்னல்களிலிருந்து எவ்வளவு விலகியிருக்கும்? கூரைக்கு மேல் போய் முடியுமா? இவற்றுக்குப் பதில் இல்லாத கடையை உணவகத்துக்கு எடுக்காதீர்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும். பயன்பாடு கிளாஸ் ஈக்குள்ளேயே இருந்தாலும், வெளிச்சுவரில் புகைக்குழாய் பொருத்துவதற்குப் பொதுவாகத் தனியே பிளானிங் அனுமதி வேண்டும். அனுமதியே வேண்டாம் என்று நம்பியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கார்பன் வடிகட்டி உள்ளிட்ட நெடி அகற்றும் ஏற்பாட்டின் விவரக்குறிப்பும், பிரிட்டிஷ் தரம் 4142இன்படி எடுத்த ஒலி மதிப்பீடும் விண்ணப்பத்தோடு செல்லட்டும். ஒலி மதிப்பீட்டை அதற்கான நிபுணரே செய்ய வேண்டும். "தேவைப்பட்டால் பிறகு தருகிறோம்" என்று விட்டால் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு எதிர்க்கும்.

ஆறாம் படி: சமர்ப்பித்த பிறகு

ஆவணங்கள் சரியாக இருந்தால் விண்ணப்பம் செல்லுபடியாகும். அன்றிலிருந்துதான் எட்டு வாரக் கணக்கு தொடங்கும். பெரிய அபிவிருத்திக்குப் பதின்மூன்று வாரம். அக்கம்பக்கத்தாருக்குக் கடிதமோ தெருவில் அறிவிப்போ போகும். கருத்துச் சொல்ல 21 நாள்.

வரும் கருத்துகளைப் பதிவேட்டில் நீங்களும் படிக்கலாம். பதற வேண்டாம். வீட்டு விலை குறையும் என்பதும், தன் வியாபாரம் படுத்துவிடும் என்று போட்டிக் கடைக்காரர் சொல்வதும் பிளானிங் காரணங்கள் அல்ல. சத்தம், நெடி, போக்குவரத்து, குப்பை, வேலை நேரம் ஆகியவை காரணங்கள். அவற்றுக்கு மட்டும் அதிகாரிக்கு மின்னஞ்சலில் பதில் அனுப்புங்கள். இரவு 12 மணிக்குப் பதில் 10 மணிக்கு மூடுகிறோம் என்ற ஒரு விட்டுக்கொடுப்பு பல எதிர்ப்புகளைத் தணிக்கும். ஆதரவுக் கடிதங்கள் வேண்டுமானால் அந்தத் தெருவில் வாழ்பவர்கள் தங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதட்டும். ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்புவதால் எடை கூடாது.

பெரும்பாலான விண்ணப்பங்களை அதிகாரிகளே தீர்மானிப்பார்கள். சர்ச்சைக்குரியவை கவுன்சிலர்கள் அடங்கிய குழுவுக்குப் போகும். அங்கே சில நிமிடம் பேச வாய்ப்புக் கிடைக்கும். அதிகாரி கால நீட்டிப்புக் கேட்டால், குறையைத் திருத்த அது உதவுமா என்று பார்த்துச் சம்மதியுங்கள். சிறு விண்ணப்பம் 16 வாரத்தில் முடியாவிட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் நீட்டிப்புக்கு எழுத்தில் சம்மதித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

அனுமதி கிடைத்தால்

முதலில் நிபந்தனைகளைப் படியுங்கள். "பயன்பாடு தொடங்குவதற்கு முன்" என்று ஆரம்பிக்கும் ஒவ்வொன்றையும் தனியே விண்ணப்பித்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். புகைக்குழாய் விவரம், குப்பை ஏற்பாடு, ஒலித்தடுப்பு பெரும்பாலும் இந்த வகையில் வரும். அனுமதி பொதுவாக மூன்று ஆண்டுக்குள் செயல்படுத்தப்பட வேண்டும்.

மறுத்தால்

மறுப்புக் கடிதத்தில் காரணங்கள் எண்ணிட்டு இருக்கும். நெடி அல்லது சத்தத்துக்குப் போதிய விவரம் இல்லை என்பது மட்டும் காரணமானால், குறையைத் திருத்தி மறுபடி விண்ணப்பிப்பதே விரைவான வழி. முன்பு ஒரு தடவை கட்டணமின்றி மீண்டும் விண்ணப்பிக்கலாம். 2023 டிசம்பர் 6 முதல் அந்தச் சலுகை இல்லை. கொள்கையைக் கவுன்சில் தவறாகப் புரிந்துகொண்டது என்று உறுதியாக நம்பினால், மேல்முறையீடுகளை விசாரிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு மேல்முறையீடு செய்யுங்கள். பயன்பாட்டு மாற்றத்துக்கு ஆறு மாத அவகாசம், கட்டணம் இல்லை.

ஏற்கெனவே திறந்துவிட்டவர்களுக்கு

அனுமதியின்றிப் பயன்பாட்டை மாற்றியது உடனே குற்றமாகிவிடாது. மீறலைச் சரிசெய்யச் சொல்லும் அமலாக்க அறிவித்தல் கவுன்சிலிடமிருந்து வந்து, அது நடைமுறைக்கு வந்த பிறகும் பணியாமல் இருப்பது குற்றம். அறிவித்தலில் ஒரு தேதி இருக்கும். மேல்முறையீடு அந்தத் தேதிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் கதவு அடைபட்டுவிடும். எனவே கவுன்சிலின் எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் வைக்காதீர்கள். அறிவித்தல் வருவதற்கு முன்பே, ஏற்கெனவே செய்த மாற்றத்துக்கு அனுமதி கேட்கும் பின்னேற்பு விண்ணப்பம் போடுவதே நல்லது. பத்து ஆண்டு இடைவிடாமல் நடந்ததற்கு ரசீது, வரிக் கடிதம், லீஸ், புகைப்படம் என்று சான்று இருந்தால் சட்டபூர்வப் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கலாம்.

இதோடு சேர்ந்து வரும் மற்ற அனுமதிகள்

பிளானிங் அனுமதி இவற்றில் எதையும் உள்ளடக்காது. தீப் பாதுகாப்பு, கழிப்பறை, வெளியேறும் வழி ஆகியவற்றுக்குக் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவின் ஒப்புதல் தேவைப்படலாம். ஒளிரும் பெயர்ப் பலகைக்கு விளம்பர ஒப்புதல் வேண்டியிருக்கும். கடை முகப்பை மாற்றினால் அதற்கும் பிளானிங் அனுமதி வேண்டும். மது விற்கவும், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சூடான உணவோ பானமோ விற்கவும் 2003 உரிமச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தின் நேரமும் பிளானிங் நிபந்தனையின் நேரமும் வேறுபட்டால், குறைவான நேரத்தையே பின்பற்ற வேண்டும். உணவுத் தொழிலைத் தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்பே கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.